காரின் முன்பக்க ஸ்பிரிங்கை வீட்டில் மாற்றுவோர் கவனத்திற்கு

எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி தம்முடைய ஸ்விஃப்ட் காருக்காகச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலிருந்து ஒரு ஜோடி ஸ்பிரிங்கும் ஒரு ஜோடி ஷாக் அப்சார்பரும் வரவழைத்திருந்தார். கப்பலில் வந்த பெட்டியைப் பிரித்தபோது பளபளவென்று சிவப்பு வண்ணம் பூசிய ஸ்பிரிங்குகள். வண்டியோடு வந்த ஸ்பிரிங்கைவிடக் குட்டையானவை, கடினமானவை. மாட்டினால் வண்டி 35 மில்லிமீட்டர் தாழும். பார்வைக்கு ஸ்போர்ட்ஸ் கார் போல இருக்கும். "அங்கிள், ரயில்வேல நீங்க ஸ்பிரிங் வேலைதானே பார்த்தீங்க, கூட இருங்க, நானே மாத்திடறேன்" என்றார். இருந்தேன். அன்று அந்தக் கொட்டகையில் நடந்ததுதான் இக்கட்டுரையை எழுதச் செய்தது. அதைச் சொல்லுமுன் உறுப்புகளைச் சற்று அறிந்துகொள்வோம்.

இன்று நம் தீவில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரத்தைத் தாங்குவது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பு. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபெர்சன் 1940-களில் வகுத்தது. அதற்கு முன் நாம் அறிந்த பிரீமியர் பத்மினியில் மேலும் கீழுமாக இரண்டு கைகளும் அவற்றிடையே சுருள் ஸ்பிரிங்கும் இருந்தன. அம்பாசிடரிலோ சுருளே இல்லை. முறுக்கேறும் நீண்ட எஃகுத் தண்டுதான் முன்பக்கத்தைத் தாங்கியது. மெக்ஃபெர்சன் செய்த சிக்கனம் என்னவென்றால், மேல் கையை நீக்கிவிட்டு அதன் வேலையையும் ஷாக் அப்சார்பர் தலையிலேயே வைத்தது. ஆகவே ஸ்ட்ரட் என்பது ஷாக் அப்சார்பர் மட்டுமன்று. சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணும் அதுவே. அதைச் சுற்றி ஸ்பிரிங், தலையில் ரப்பர் மவுண்ட்டும் பேரிங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இந்தத் தூண் முழுவதும் சேர்ந்து திரும்புகிறது. தேய்ந்துபோன ஸ்ட்ரட் உள்ள வண்டி குழியில் குதிப்பதோடு நில்லாமல் திருப்பத்திலும் பிரேக்கிலும் தடுமாறுவது இதனால்தான்.

குலுக்கலைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் என்று பலர் நினைக்கிறார்கள். பெயரே அப்படி நினைக்க வைக்கிறது. உண்மையில் எடையையும் அடியையும் தாங்குவது ஸ்பிரிங். தாங்கியபின் அது விடாமல் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்கி, ஆட்டத்தின் சக்தியை எண்ணெய்க்குள் வெப்பமாக மாற்றுவதே ஷாக் அப்சார்பரின் பணி. ரயிலில் நாங்கள் அதை டாம்பர் என்போம். அந்தப் பெயர்தான் பொருத்தம். பெரம்பூர் ஐ.சி.எஃப். வகைப் பெட்டியில் சக்கரத்துக்கு மேலுள்ள ஸ்பிரிங்கின் நடுவே எண்ணெய் நிரம்பிய டேஷ்பாட் இருக்கும். எண்ணெய் குறைந்த பெட்டியில் பயணம் செய்தால் காப்பித் தம்ளரே காட்டிக்கொடுத்துவிடும்.

சிறிது கணக்கும் பார்ப்போம். முன்சக்கரம் ஒன்றின் மேல் 300 கிலோ எடை அமர்கிறது, ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ தேவை என்று கொள்வோம். எனில் நிற்கும் நிலையிலேயே அது 150 மில்லிமீட்டர் அமுங்கியிருக்கும். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 12¼. 15.8-ஐ இதனால் வகுத்தால் 1.3 வருகிறது. வினாடிக்கு அத்தனை தடவை வண்டி ஆடும் என்று பொருள். மனித உடம்புக்கு இது இதமானது, நடையின் தாளத்தைவிடச் சற்று மெதுவானது. அதே எடைக்கு 3 கிலோ ஸ்பிரிங் போட்டால் அமுக்கம் 100 மில்லிமீட்டர், ஆட்டம் வினாடிக்கு 1.6 தடவை. பழைய ஷாக் அப்சார்பர் 1.3-க்கு வகுக்கப்பட்டது, இந்தப் புதிய ஆட்டத்தை அதனால் அடக்க முடியாது. எனவே கடினமான ஸ்பிரிங் மட்டும் வாங்கிப் பழைய ஷாக்கில் பொருத்துவது பாதி வேலைகூட இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி இரண்டையும் சேர்த்தே வாங்கியிருந்தார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் தாழ்த்துவது சரியா? பந்தயத் தடத்தில் சரி. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பத்மினிகள் பந்தயம் ஓடிய காலத்திலும், 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பின்னும் ஓட்டுநர்கள் வண்டியைத் தாழ்த்தத்தான் செய்தார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800-ன் இயந்திரத்தைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களையே கட்டினார். அந்த ஊரிலிருந்துதான் 2005-ல் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்றுக்குப் போனார். அவர்கள் ஓட்டியது வழவழப்பான தடம். அவர்கள் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடவும் இல்லை. மெக்ஃபெர்சன் அமைப்பில் வண்டியைத் தாழ்த்தினால் கீழ்க்கை வெளிமுனை மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடைமையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிப்போகும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் திருப்பத்தில் வண்டியைச் சாய்க்கும் விசையும் கூடும். பந்தயக்காரர்கள் பால் ஜாயிண்ட்டையும் மாற்றி அந்தக் கோணத்தைத் திருத்துவார்கள். நாமோ சாய்வைக் குறைக்கப் பணம் கொடுத்துச் சாய்வை வாங்கி வருகிறோம்.

தரையிடைவெளியையும் பாருங்கள். 2018-ல் வந்த ஸ்விஃப்டுக்கு அது 163 மில்லிமீட்டர். 35 போனால் 128. ஆள் ஏறிச் சாமானும் வைத்தபின் அதுவும் இல்லை. மழை முடிந்த பிறகு நம் சாலைக் குழிகளின் ஆழத்தை நான் சொல்லத் தேவையில்லை. டிக்லிப்பூர்வரை போக நினைத்தாலோ, ஜிர்காடாங்கிலிருந்து ஜராவா காப்புப் பகுதியில் வரிசையாக, வேகக் கட்டுப்பாட்டுடன் போக வேண்டும். அங்கே ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன வேலை?

சட்டமும் உண்டு. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இத்தகைய மாற்றத்தைத்தான். தேய்ந்ததை எடுத்துவிட்டு அதே அளவுள்ள வேறு கம்பெனி உறுப்பைப் போடுவது பழுது பார்ப்பதில் அடங்கும். அதில் தவறில்லை.

இவ்வளவையும் தம்பியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் பெட்டி வந்துவிட்டதே!

வேலை செய்யும் முறை

முதலில் இடம். சிமெண்ட் தளமாக, மட்டமாக இருக்க வேண்டும். மண்தரையில் ஜாக்கி புதையும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கைபிரேக்கை இழுத்து, சக்கர நட்டுகளைத் தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஜாக்கியால் தூக்கியபின் வண்டியை ஸ்டாண்டின் மேல் இறக்கிவிட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. ஸ்டாண்ட் இல்லாதவர் இந்த வேலையைத் தொடக்கூடாது. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி நிறுத்துவதை இங்கே நிறையப் பார்க்கிறேன். அது திடீரென்று நொறுங்கும், முன்னெச்சரிக்கை தராது.

நம் கடற்காற்றில் எந்தப் போல்ட்டும் சுலபமாக வராது. முதல் நாள் மாலையிலேயே கம்பித் தூரிகையால் மரைகளைத் துடைத்து, துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் காலை மீண்டும் ஒருமுறை. சக்கரத்தைக் கழற்றியபின் பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். ஒயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். பிறகு ஸ்ட்ரட்டின் அடியைச் சக்கரத் தாங்கியோடு இணைக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள். அவற்றை எடுக்குமுன் சக்கரத் தாங்கியைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். இல்லையேல் அது வெளியே சாய்ந்து பிரேக் ஹோஸை இழுக்கும். டிரைவ் ஷாஃப்ட்டும் உள்முனையில் கழன்றுகொள்ளும்.

இனி மேல்பக்கம். பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் தலை தெரியும். சில வண்டிகளில் சுற்றிலும் உள்ள நட்டுகள் அதை உடலோடு பிடித்திருக்கும்; நடுநட்டு ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கும். வேறு சிலவற்றில் நடுவிலேயே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு நட்டுகள். மேலுள்ளது உடலுக்கு, கீழுள்ளது ஸ்பிரிங்குக்கு. உங்கள் வண்டியில் எது எது என்று சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனர் வைக்காதீர்கள். ஸ்பிரிங்கை அடக்கும் நட்டை அமுக்கி மாட்டாமல் கழற்றினால், மேலே குனிந்து பார்ப்பவர் முகத்தில்தான் அது வந்து மோதும்.

ஸ்ட்ரட் வெளியே வந்தபின் ஸ்பிரிங் அமுக்கி. கொக்கிகள் கொண்ட இரண்டு நீண்ட திருகுத் தண்டுகள் அவை. ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில், கூடுமானவரை அதிகச் சுற்றுகளைப் பிடிக்கும்படி மாட்டி, இங்கே இரண்டு திருகு, அங்கே இரண்டு திருகு என்று மாறி மாறி இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் ஸ்பிரிங் வாழைக்காய் போல் வளைந்து கொக்கியிலிருந்து நழுவும். மரையில் கிரீஸ் தடவ வேண்டும். காற்றுத் துப்பாக்கி கூடாது, கைஸ்பேனர் மட்டுமே. ஸ்பிரிங்கின் இரு முனைகளுக்கு நேராக எவரும் நிற்கக்கூடாது.

ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன்? மேலே சொன்ன அதே ஸ்பிரிங்கை 120 மில்லிமீட்டர் அமுக்கிப் பிடித்தால் அதன் விசை 240 கிலோ. அதில் அடங்கிய சக்தி 14.4 கிலோமீட்டர், தூரத்தைச் சொல்லவில்லை, ஒரு கிலோவை 14.4 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் சக்தி. ஸ்பிரிங்கின் எடை 2 கிலோ எனில், முழுச் சக்தியோடும் அது மணிக்கு 40 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் கிளம்பும்.

அன்று நடந்தது இதுதான். அமுக்கியைத் தம்பி நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி வந்திருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, மாறி மாறி இறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கருவியின் மரையை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. பணிமனையில் தூக்குச் சங்கிலியைத் தேதி பார்க்காமல் தொட்டதில்லை, இங்கே பார்க்கவில்லை. வலது பக்க ஸ்ட்ரட் முடிந்தது. இடது பக்கத்தில் ஸ்பிரிங் அமுங்கி நின்றபோது தம்பியின் அம்மா தேநீர் கொண்டுவந்தார்கள். தம்ளரை வாங்க அவர் எழுந்து இரண்டடி நகர்ந்தார். வெடிச்சத்தம் போல் ஒன்று. ஒரு தண்டின் மரை அப்படியே உரிந்துவிட்டது. ஸ்பிரிங் கொட்டகையின் தகரக் கூரையில் மோதி, சுவரில் பட்டு, வாசலில் போய் விழுந்தது. அவர் குனிந்திருந்த இடத்துக்கு நேர் மேலே தகரத்தில் ஒரு சாண் அளவுக்குக் குழி. அம்மா ஒன்றும் பேசவில்லை. தட்டோடு உள்ளே போய்விட்டார்கள். எனக்குக் கை நடுங்கி நிற்க வெகுநேரம் ஆயிற்று.

அன்று வேலையை நிறுத்தினோம். மறுநாள் டாலிகஞ்ச் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் தரையில் பொருத்திய அமுக்கியில் இடது பக்கத்தை முடித்துக்கொண்டோம். எனவே என் ஆலோசனை இது: ஸ்ட்ரட்டைக் கழற்றுவதும் மாட்டுவதும் வீட்டில் செய்யலாம். ஸ்பிரிங்கைப் பிரிக்கும் அந்த அரைமணி நேர வேலைக்கு ஸ்ட்ரட்டைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். கொடுக்கும் கூலி மிகச் சொற்பம்.

மாட்டும்போது சில கவனங்கள். பணிமனையில் ஐ.சி.எஃப். ஸ்பிரிங்குகளை எடை வைத்து அளந்து, உயரத்தின்படி ஏ, பி, சி என்று பிரிப்போம். ஒரு போகிக்குள் ஒரே வகைதான் போகலாம். காரிலும் அப்படியே: ஒரு பக்கம் மட்டும் புதிது போடாதீர்கள், எப்போதும் ஜோடியாக. ஸ்பிரிங்கின் நுனி கிண்ணத்திலுள்ள படியில் சரியாக அமர வேண்டும். தலையிலுள்ள பேரிங், பம்ப் ஸ்டாப், தூசு உறை ஆகியவை பழையதாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்ற மறுபடி முழு வேலையும் செய்ய வேண்டும். பூட்டு நட்டுகள் புதியவையாக இருக்கட்டும். புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

பலர் தவறவிடுவது ஒன்று. கீழ்க்கையின் ரப்பர் புஷ் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. வண்டியை இறக்கி, எடை முழுவதும் சக்கரத்தில் அமர்ந்தபின் இறுக்க வேண்டும். இல்லையேல் அந்த ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். அன்றே வீல் அலைன்மெண்ட். ஸ்ட்ரட் போல்ட்டைத் தொட்டாலே சக்கரத்தின் சாய்வு மாறும். பார்க்காமல் விட்டால் டயரின் ஓரம் மட்டும் கரைந்துபோகும்.

நம் ஊருக்கென்று ஒன்று. ஸ்பிரிங்கின் பெயிண்ட் உரிந்த இடத்தில் உப்புத்துரு சிறு குழி பறிக்கும். விரிசல் தொடங்குவது அந்தக் குழியில்தான். உடைவது பெரும்பாலும் சேறு தங்கும் கடைசிச் சுற்று. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அங்கே பீய்ச்சிக் கழுவி, உரிந்த இடத்தில் பெயிண்ட் தொட்டு வையுங்கள்.

தம்பியின் காரில் இப்போது இருப்பது பழைய உயர ஸ்பிரிங்கும் அதற்குரிய புதிய ஷாக் அப்சார்பரும். ஒர்க்‌ஷாப் வாசலில் அவரே எடுத்த முடிவு அது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தாழ்த்தும் ஜோடியைச் சென்னைக் கடைக்குத் திருப்பி அனுப்பியதில் கப்பல் கூலிதான் நஷ்டம். நூறு கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி சோதித்தோம். இடது பக்க மேல்நட்டு ஒன்று கால் சுற்று ஏறியது. தகரத்துக் குழியை இன்னும் தட்டி நிமிர்த்தவில்லை. அவர் அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.