படைவீரர் மக்களின் கலாசாலைப் படிப்பு: உபகாரச் சம்பளம் பெறும் வழி

நமது கூட்டுறவுச் சங்க அங்கத்தினருள் பட்டாளத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றோர் பலர் உளர். அவர்களுடைய மக்களின் கலாசாலைப் படிப்பிற்கென்றே சில உதவிகள் ஏற்பட்டிருக்கின்றன. தகுதியிருந்தும் இவற்றை இழக்கும் குடும்பங்களை ஆராய்ந்து பார்த்தால், காலத்தையும் காகிதத்தையும் முன்கூட்டிக் கவனியாமையே காரணமென விளங்கும். ஆகையால் உதவிகள் எவை, எவரெவர்க்கு உரியவை, சங்கம் எவ்விதம் துணை நிற்கலாம் என்பவற்றை இப்பாடத்தில் வரிசையாகக் காண்போம்.

1. பிரதம மந்திரியின் உபகாரச் சம்பளம்

இது 2006-07ஆம் கல்வியாண்டில் தொடங்கப் பெற்றது. முன்னாள் படைவீரரின் மக்களும், மறைந்த வீரரின் மனைவியரும் இதற்கு உரியவர். பொறியியல், மருத்துவம், ஆசிரியப் பயிற்சி முதலிய தொழிற்கல்விப் பட்டங்களுக்கே இது கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்பில், அல்லது அதற்கு ஈடான தேர்வில், நூற்றுக்கு 60 மதிப்பெண் வேண்டும். ஆண்டுதோறும் 5,500 பேர் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். அவருள் பாதிப்பேர் பெண்கள். போரில் உயிர் நீத்தவரின் குடும்பத்திற்கு முதலிடம் அளிக்கப்படும்.

2019 முதல் ஆண் மாணவருக்கு மாதம் ரூ. 2,500, பெண்ணுக்கு ரூ. 3,000 என்று தொகை உயர்த்தப்பட்டது. ஒரு ஹவல்தாரின் மகள் நான்கு வருஷம் பொறியியல் பயில்கிறாள் எனக் கொள்வோம். வருஷத்திற்கு ரூ. 36,000, நான்கு வருஷத்திற்கு ரூ. 1,44,000 ஆகும். சிறு குடியானவர் வீட்டில் இது நிலத்தை அடமானம் வைக்காமல் காக்கக்கூடிய தொகையன்றோ!

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பொதுவாக, படிப்பின் முதலாண்டில் சேர்ந்தவரே மனுச் செய்யலாம். டிப்ளமா முடித்து நேரே இரண்டாமாண்டில் சேர்வோர் போன்ற சிலருக்கே விலக்குண்டு. முதலாண்டைத் தவறவிட்டவர், “அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம்” என்று ஆறுதலடைய இயலாது. ஒரு மாதத்து அசிரத்தையால் நான்கு வருஷத்து உதவியும் போய்விடும். பெற்ற பின்னும் ஒவ்வோராண்டும் நூற்றுக்கு 50 மதிப்பெண் பெற்றுத் தேறினால்தான் உதவி தொடரும்.

2. பாதுகாப்பு மந்திரியின் கல்வி மானியம்

பி.ஏ., பி.எஸ்ஸி. போன்ற பொதுப் படிப்பில் சேர்ந்தவருக்கு மேற்சொன்ன சம்பளம் கிடையாது. எனினும் அவர்கள் மனந்தளர வேண்டுவதில்லை. ஹவல்தார் பதவிக்கும், கப்பற்படை, விமானப்படைகளில் அதற்கு நிகரான பதவிக்கும் உட்பட்டு ஓய்வு பெற்றோரின் மக்கள் இருவர்க்கு, முதல் வகுப்புத் தொடங்கிப் பட்டப்படிப்பு வரையில் கல்வி மானியம் உண்டு. கைம்பெண்கள் இரண்டு வருஷ மேற்பட்டப் படிப்பிற்கும் இதைப் பெறலாம். மாதம் ரூ. 1,000ஆக இருந்த இத்தொகை, 2025 நவம்பர் 1 முதல் அனுப்பப்படும் மனுக்களுக்கு ரூ. 2,000 ஆக்கப்பட்டது.

இப்பணம் கொடிநாள் நிதியிலிருந்து வருவது. 1949 முதல் டிசம்பர் 7ஆம் நாளில் சிறு கொடியைச் சட்டையிற் குத்திக்கொண்டு நாம் உண்டியலில் இடும் காசே இவ்வாறு திரும்பி வருகிறது. ஆதலின் இதைக் கேட்பதில் எவரும் நாணமடைய வேண்டுவதில்லை.

3. போரில் மாண்டோர், ஊனமுற்றோர் மக்களுக்கு

1971ஆம் ஆண்டுப் போருக்குப் பின், போரில் மாண்டவர், காணாமற் போனவர், ஊனமுற்றவர் ஆகியோரின் மக்களுக்குப் படிப்புச் செலவை ஏற்கும் சலுகை வகுக்கப்பட்டது. கலாசாலைச் சம்பளம், விடுதிச் செலவு, புத்தகம், உடை ஆகியவை முதற் பட்டம் பெறும் வரையில் இதில் அடங்கும். 2017இல் மாதம் ரூ. 10,000 என்று ஒரு வரம்பு விதிக்கப்பட்டது. அது 2018 மார்ச்சில் நீக்கப்பட்டது.

4. முன்கூட்டிச் செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஓய்வு பெற்றவுடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிந்து அடையாள அட்டை பெறுதல் வேண்டும். மனுக்களைச் சரிபார்த்து மேலே அனுப்புவது அவ்வலுவலகமே.

இரண்டாவதாக, டிஸ்சார்ஜ் புஸ்தகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் அதிலும் பள்ளிச் சான்றிலும் ஒன்றாக உள்ளனவா? ஓரெழுத்து மாறியிருப்பினும் மனு தடைப்படக்கூடும். பிழையைத் திருத்த ரிக்கார்டு ஆபீசுக்கு எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரியைச் சேர்ந்த வெலிங்டனிலும், மதராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூரிலும் உள்ளது. இவ்வேலைக்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆகையால் பிள்ளை பத்தாம் வகுப்பிலிருக்கும்போதே இதைத் தொடங்குவது நலம்.

மூன்றாவதாக, மாணவர் பெயரிலேயே பாங்கிக் கணக்கு இருத்தல் அவசியம். ஓர் உதவியைப் பெறுபவர் மற்றொன்றையும் பெறலாமா என்பதை மனுச் செய்யுமுன் அலுவலகத்திற் கேட்டுத் தெளிக. மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை முதலியவற்றைச் சேர்ந்தோருக்கு உள்துறை இலாகாவின் கீழ்த் தனித்திட்டம் உண்டு. அவர்கள் தத்தம் படையின் மூலமாகவே மனுச் செய்தல் வேண்டும்.

5. சங்கத்தின் கடமை

இவ்வளவும் ஒழுங்காக நடப்பினும் இடர் ஒன்று எஞ்சி நிற்கும். கலாசாலைச் சம்பளத்தைச் சேரும்போதே கட்டியாக வேண்டும். உபகாரச் சம்பளமோ பிற்பாடுதான் வரும். கல்வி மானியமும் பிள்ளை அவ்வாண்டில் தேறிய பின்னரே கிடைப்பது. இந்த இடைவெளியிலேதான் குடும்பம் வட்டிக்கடைக்காரரிடம் சிக்கிக்கொள்கிறது. உதவி வந்து சேருமுன் வட்டி அதை விழுங்கிவிடுமாயின், அது மாணவருக்கு வந்த உதவியாகாது.

இங்கேதான் சங்கம் முன்வர வேண்டும். நிர்வாகக் கமிட்டியார் நகைக்கடனைக் குறித்த காலத்தில் தாமதமின்றி வழங்கலாம். உதவித் தொகை வந்ததும் முதலில் அக்கடனை அடைப்பதென்று அங்கத்தினர் உறுதி கொள்ளலாம். காரியதரிசி, கிராமத்திலுள்ள படைவீரர் குடும்பங்களையும், அவற்றுள் பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் பிள்ளைகளையும் ஒரு சிறு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டால், மனுச் செய்யும் காலத்தில் நினைவூட்ட இயலும். கணவனை இழந்த பெண்ணொருத்தி தனியே ஜில்லாத் தலைநகருக்கு அலையாதபடி, விவரமறிந்த அங்கத்தினர் ஒருவர் உடன் செல்வது பேருபகாரமாகும்.

அடுத்த கூட்டத்தில் ஆராய வேண்டியவை: நமது கிராமத்தில் படைவீரர் குடும்பங்கள் எத்தனை? அவற்றுள் அடையாள அட்டை இல்லாதவை எவை? இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடிப்போர் யாவர்? அவர்களுடைய டிஸ்சார்ஜ் புஸ்தகங்களைப் பார்த்தாயிற்றா? இந்நான்கு வினாக்களுக்கும் விடை எழுதி வைக்கும் சங்கம், ஒரு மாணவரையேனும் கலாசாலைக்கு அனுப்பும் வழியைத் திறந்ததாகும்.