நூத்துக்கு மாசம் எவ்வளவு?

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் கிராமம். கையில் ஸ்காலர்ஷிப் பணம் 12,000 ரூபாய் இருந்தது. ஹாஸ்டலில் எல்லாரும் எஸ்ஐபி, எஸ்ஐபின்னு பேசுறாங்களே, நாமும் மாசம் ஆயிரம் போடுவோம்னு முடிவு பண்ணி, அப்பத்தாகிட்ட பெருமையாகச் சொன்னேன்.

"நூத்துக்கு மாசம் எவ்வளவுய்யா தருவான்?"

"உறுதியாச் சொல்ல முடியாது அப்பத்தா. நல்லாப் போனா வருஷத்துக்குப் பன்னெண்டு சதவீதம்."

"அப்ப ஒரு வட்டி. உங்கப்பன் விதைப்புக்கு மூணு வட்டிக்கு வாங்கி வச்சிருக்கான். ஒரு வட்டிக்குக் குடுத்துட்டு மூணு வட்டி கட்டுவியாக்கும்?"

இன்ஜினியரிங் எகனாமிக்ஸ் பேப்பரில் பாஸ் பண்ணினவன் நான். இது எனக்குத் தோணவே இல்லை! அப்பத்தா கேட்ட அந்த ஒரே கேள்வியை வைத்து எந்தக் கடனையும், எந்த முதலீட்டையும் அளக்கலாம். எப்படின்னு பார்ப்போம்.

வட்டியைச் சதவீதமாக்குவது

நம்ம ஊரில் 'ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாசம் ரெண்டு ரூபாய். பன்னெண்டால் பெருக்கினால் வருஷத்துக்கு 24 சதவீதம். மூணு வட்டி 36 சதவீதம். பேங்க் டெபாசிட் தருகிற 6 சதவீதம் அரை வட்டி. புரட்டாசியில் 20,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கி, மாசியில் மிளகாய் விற்றுக் கட்டினால், ஐந்து மாசத்துக்கு வட்டி மட்டும் 3,000. அதே விதைப்புக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, தவணை தவறாமல் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. வீட்டில் இதை முதலில் விசாரியுங்கள்.

தண்டல் கணக்கு

'பத்தாயிரம் கடன், தினம் நூறு ரூபாய், நூறு நாள்' என்பார்கள். கையில் தருவதோ 8,500 தான். 1,500 போனால் 15 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் தினமும் அசலும் சேர்ந்து திரும்பிப் போகிறது. நூறு நாளும் முழுப் பணம் நம்மிடம் இல்லை. சராசரியாகப் பார்த்தால் 4,500 ரூபாய் பக்கம்தான் நம் கையில் இருந்திருக்கும். அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி. அதாவது ஏறக்குறைய பத்து வட்டி, வருஷத்துக்கு 120 சதவீதம்! தமிழ்நாட்டில் தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாவற்றையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் பூக்கடையிலும் காய்கறிக் கடையிலும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பைக் லோனிலும் இதே சூட்சுமம் உண்டு. 60,000 ரூபாய், 'ஃப்ளாட்' 10 சதவீதம், மூணு வருஷம். மொத்த வட்டி 18,000. மாசத் தவணை 2,167. அசல் குறையக் குறைய வட்டியும் குறையணும் இல்லையா? ஃப்ளாட்டில் குறையாது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி 18 சதவீதம் பக்கம், அதாவது ஒன்றரை வட்டி. ஷோரூமில் "ஃப்ளாட்டா, குறையும் அசலுக்கா?" என்று கேளுங்கள்.

ஆசை காட்டும் வட்டி

இப்போது அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்கள். நம்மிடம் பணம் கேட்பவன் எத்தனை வட்டி தருகிறேன் என்கிறான்?

பெருந்துறை சுசி ஈமு பண்ணை ஒன்றரை லட்சம் கட்டினால் மாசம் 6,000 தருவதாகச் சொன்னது. அது நாலு வட்டி. 2012-இல் கவிழ்ந்தது. சென்னை ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாசம் 25 முதல் 30 சதவீதம் என்றது. அது முப்பது வட்டி! 2022-இல் போலீஸ் சோதனை வந்தது. தண்டல்காரருக்கே பத்து வட்டிதான் கிடைக்கிறது என்றால், முப்பது வட்டி எந்த வியாபாரத்தில் வரும்? புதிதாகச் சேருகிறவன் பணத்தை எடுத்துப் பழைய ஆளுக்குக் கொடுத்தால்தான் வரும்.

பங்குச் சந்தைக்கும் இதே அளவுகோல்தான். நிஃப்டி 1995 நவம்பரில் 1,000 புள்ளியில் தொடங்கியது. 2024 செப்டம்பரில் 26,000-ஐத் தாண்டியது. கூட்டுவட்டிக் கணக்கில் வருஷத்துக்குச் சுமார் 12 சதவீதம். அதாவது ஒரு வட்டி. அதற்கே 2008-இல் 6,300-இலிருந்து 2,500 பக்கம் விழுந்து எழ வேண்டியிருந்தது. உறுதியாக நாலு வட்டி என்று ஒருவன் சொன்னால், ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் அவன் பெயரைத் தேடுங்கள். டெபாசிட் வாங்க அனுமதி உண்டா என்று தெரிந்துவிடும்.

அப்போ எந்த வரிசையில்?

1. ஒரு வட்டிக்கு மேல் உள்ள கடனை முதலில் அடையுங்கள். மூணு வட்டிக் கடனை அடைப்பது உறுதியாக 36 சதவீத லாபம். எந்த ஃபண்டும் இதைத் தராது.

2. கொஞ்சம் பணத்தைப் பேங்கில் அவசரத்துக்கு வையுங்கள். வருவது அரை வட்டிதான். ஆனால் மழை தப்பினாலோ ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ, மறுபடி மூணு வட்டிக்குப் போகாமல் அது காப்பாற்றும். 2020 முதல் ஒரு பேங்கில் ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு.

3. இதற்கும் மேல் மிஞ்சுவது, அடுத்த ஐந்தாறு வருஷம் தேவைப்படாத பணம், அதுதான் எஸ்ஐபிக்கு.

நான் என்ன பண்ணினேன்? 10,000 ரூபாயை அப்பாவிடம் கொடுத்தேன். கடன் அந்த அளவுக்குக் குறைந்தது; மாசம் 300 ரூபாய் வட்டி மிச்சம். பாக்கி 2,000 பேங்கில் இருக்கிறது. மீதிக் கடனை மிளகாய் வந்ததும் அடைப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார். அது முடிந்த மாசம் என் எஸ்ஐபி தொடங்கும். உங்கள் வீட்டில் எத்தனை வட்டி ஓடுகிறது? இந்த லீவில் கேட்டுப் பாருங்கள்.