பியூஸைத் தூக்கி எறிவதற்கு முன்

பழைய ஸ்டீரியோ ரிசீவர் ஒன்று ஸ்விட்சைப் போட்டும் விளக்கே எரியாமல் கிடந்தால், கை முதலில் போவது பியூஸுக்கு. புதிதாகப் போட்டதும் போய்விட்டால் கூடுதல் ஆம்பியரில் இன்னொன்று. அதுவும் போனால் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவது. பல செட்டுகளை மீட்க முடியாதபடி ஆக்குவது முதலில் வந்த கோளாற்றைவிட இந்த வரிசைதான் என்பது என் வாதம். போன பியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் கருத்தோ வெள்ளி பூசினாற்போலவோ இருந்தால் பெரும் மின்னோட்டம் ஒரே பாய்ச்சலில் போயிருக்கிறது. உள்ளே ஷார்ட் இருக்கிறது; அடுத்த பியூஸும் அதே வழியில்தான் போகும். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் ஓரிடத்தில் அறுந்திருந்தால், மிகை கொஞ்சமாக இருந்திருக்கும், அல்லது நாற்பது வருடம் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, கம்பி தானாகவே நைந்திருக்கும்.

பியூஸ் நன்றாகவே இருந்தால் மூடியைத் திறக்காமலே பாதி விடை கிடைக்கும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, செட்டின் ஸ்விட்சை மட்டும் ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் இரண்டு பின்களுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் அளக்க வேண்டும். சில ஓம் காட்டினால் வயர், பியூஸ், ஸ்விட்ச், டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி நான்கும் அறுபடாமல் இருக்கின்றன, கோளாறு அதற்கு அப்பால். மீட்டர் அசையவே இல்லை என்றால் நான்கில் ஒன்று அறுந்திருக்கிறது. 1970களின் செட்டுகளில் நான் முதலில் சந்தேகிப்பது ஸ்விட்சை. போடும்போதெல்லாம் பொறி பறந்து அதன் முனைகள் கரிந்துபோயிருக்கும். ரிமோட் வந்த பிறகான செட்டுகளில் இந்தச் சோதனையை அப்படியே நம்பக் கூடாது. அவற்றில் பலவற்றுக்கு ஸ்டாண்ட்பைக்கென்று தனியாக ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. மீட்டர் காட்டும் சில நூறு ஓம் அதனுடையது, பெரியதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. விளக்கு எரிந்தும் சில நொடிகளில் ரிலே ‘டிக்’ என்று விழவில்லை என்றால் அது வேறு சங்கதி. செட் உயிரோடுதான் இருக்கிறது, ஸ்பீக்கரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. முதலில் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிப் பாருங்கள், ஒரு மெல்லிய இழை பக்கத்து முனையில் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

“பியூஸ் வயதாகியும் போகும் என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு ஒருமுறை மாற்றிப் பார்த்தால் என்ன?” என்று கேட்கலாம். பார்க்கலாம், சீரிஸ் பல்பு வழியாக. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மின்லைனில் செட்டுக்கு முன்னால் தொடராக இணைத்துவிட்டு, அதே அளவு பியூஸைப் போட்டு ஆன் செய்தால், கெப்பாசிட்டர்கள் நிரம்பும்வரை பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கும். அப்படி மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் போக வேண்டிய மின்சாரத்தைப் பல்பு தடுத்து நிறுத்தியிருக்கிறது, எதுவும் கருகவில்லை. எல்இடி பல்பு இதற்கு உதவாது, டங்ஸ்டன் இழை சூடாகும்போது தடை ஏறும் குணம்தான் இங்கே வேலை செய்வது. இதற்கும் முன்னால் பின்பக்கத்து வோல்டேஜ் செலக்டரைப் பார்ப்பது நல்லது. ஜப்பான் உள்நாட்டுச் செட்டு 100 வோல்ட்டுக்கானது, அமெரிக்காவினுடையது 120. வளைகுடாவிலிருந்து சூட்கேஸோடு வந்தவையும் உண்டு. சவுதியின் பல ஊர்களில் அப்போது 127 வோல்ட். செலக்டர் அந்த இடத்திலேயே நின்றிருக்க நம் 230இல் செருகினால், பியூஸ் மட்டும் போவது அதிர்ஷ்டம்.

இன்னொரு கட்சி, “இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, வயதான செட்டு, எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்றிவிடு” என்று சொல்லும். உப்பியதையும் ஒழுகியதையும் மாற்றத்தான் வேண்டும்; அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் ஆன் ஆகாத செட்டில் ஐம்பது இடத்தில் சால்டரிங் அயர்னை வைத்தால், பழைய கோளாறு ஒன்றோடு தலைகீழாகப் போட்ட கெப்பாசிட்டர், பிய்ந்த செம்புத்தடம் என்று புதியவையும் சேரும், எது எதனால் என்று பிரித்தறிய வழியிருக்காது. முதலில் உயிர் வரட்டும், மாற்றங்களைப் பிறகு ஒவ்வொன்றாகச் செய்யலாம். உள்ளே கை வைப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது: பிளக் சுவரில் இருக்கும்வரை, செட்டை ஆஃப் செய்திருந்தாலும் ஸ்விட்சின் முனையில் 230 வோல்ட் நிற்கலாம். பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டாமல் ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, மீட்டரில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அவுட்புட் டிரான்சிஸ்டர்களையும், ஷார்ட் என்று மீட்டர் சொல்லும்வரை கழற்றாதீர்கள். அந்தக் காலத்து ஜப்பானிய எண்களில் பல இப்போது தயாரிப்பிலேயே இல்லை, அதே எண்ணைப் பொறித்த போலிகள் சந்தையில் நிறைய.