கடைசி வரியில் ஓர் அக்கா

அன்புள்ள வாசகிக்கு,

நோட்டுப் புத்தகத் தாளில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புற்றுநோயாளிகள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள் என்று பேப்பரில் படித்ததிலிருந்து உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது என்கிறீர்கள். குடிக்கிற தண்ணீரா, வயலுக்கு அடிக்கிற மருந்தா, பிராய்லர் கோழியா, செல்போன் டவரா என்று மகளிர் குழுக் கூட்டத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். "ஒளிக்காமல் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. இந்த மருத்துவமனையின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவன். நோய் உறுதியான ஒவ்வொருவரின் கேஸ் ஷீட்டையும் பிரித்து, பெயர், வயது, ஊர், எந்த உறுப்பு, எந்த நிலை, என்ன சிகிச்சை, இப்போது எப்படி இருக்கிறார், சிகிச்சை முடித்தாரா என்று பத்தி பத்தியாக எழுதுவது என் வேலை. பேப்பரில் நீங்கள் பார்த்தது அந்தப் பதிவேட்டின் முதல் பத்தியை மட்டும்தான். மற்றப் பத்திகளையும் உங்களுக்குக் காட்டத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த எண்ணிக்கை. இந்த வட்டாரத்தில் ஒருவருக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்றால் முன்பெல்லாம் சென்னைக்கோ வேலூருக்கோ மூட்டை கட்ட வேண்டும். பாதிப்பேர் போகவே மாட்டார்கள். இங்கே கதிர்வீச்சு இயந்திரம் வந்தது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அக்கம்பக்கத்து மாவட்டத்துக்காரர்களும் இங்கேயே வர ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் என் பதிவேடு திடீரென்று தடித்துவிட்டது. நோய் அந்த வருஷம் புதிதாகப் பெருகவில்லை. அதுவரை வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தவர்களுக்கு வருவதற்கு ஓர் இடம் கிடைத்தது.

முந்தைய காலத்தையும் நினைத்துப் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தை முப்பது வருஷம் மனசில் சுமந்து, 1954-ல் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார் அவர். அதற்கு முன் நம் பக்கத்தில் இந்த நோயில் போனவர்களை யார் எண்ணினார்கள்? "வயிற்றில் கட்டி", "ஆறாத புண்", "உதிரப்போக்கு" என்று ஊர் சொல்லிவிட்டுக் காரியத்தை முடித்தது.

அதனால், ஊரில் நோய் கூடியதா குறைந்ததா என்று ஒரு மருத்துவமனையின் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு வேறு கணக்கு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981 கடைசியில் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியது. மறு வருஷம் சென்னை நகரத்துக்கான பதிவேடு அடையாறில் ஆரம்பமானது. 2012-லிருந்து தமிழ்நாடு முழுவதற்கும் இப்படி ஒரு பதிவு நடக்கிறது. அதில் வேலை செய்கிறவர்கள் அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி, சதை டெஸ்ட் செய்யும் லேப், இறப்புப் பதிவு எல்லாவற்றையும் தேடிப் போய், அந்த ஊரிலேயே குடியிருப்பவர்களை மட்டும் பிரித்து எடுக்கிறார்கள்.

பிரிப்பது எத்தனை பாடு என்று எனக்குத் தெரியும். அறுவைசிகிச்சை வார்டில் மாரியம்மாள், கதிர்வீச்சுப் பிரிவில் மாரியாயி, காப்பீட்டு அட்டையில் கணவர் பெயரை இனிஷியலாகப் போட்டு கே.மாரி. மூன்று பேரும் ஒரே ஆள். முகவரி கேட்டால், தங்கியிருக்கிற மகள் வீட்டு முகவரியைச் சொல்வார்கள். "இந்த ஊர்ல எத்தனை வருஷமா இருக்கீங்கம்மா?" என்று கேட்டால்தான், "இல்ல சாமி, வைத்தியத்துக்கு வந்தேன், எனக்கு அந்தப் பக்கம்" என்று வேறொரு மாவட்டத்தைச் சொல்வார்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால், எங்கள் ஊரே நோயூர் என்று பெயர் வாங்கிவிடும்.

சரி, உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்றால், கூடியிருக்கிறது. 2022-ல் இந்தியாவில் புதிதாக 14 லட்சம் பேருக்குப் புற்றுநோய் வந்திருக்கும் என்பது சர்வதேச மதிப்பீடு. பெரிய காரணம், நாம் நீண்ட நாள் வாழ்கிறோம். விடுதலை பெற்ற சமயத்தில் நம் சராசரி ஆயுள் 40-க்கும் கீழே. இன்று 70-ஐ ஒட்டி நிற்கிறது. இது பெரும்பாலும் வயதானபின் வருகிற நோய். காலராவிலும் அம்மையிலும் பிரசவத்திலும் போயிருக்க வேண்டியவர்கள் பிழைத்து அறுபதைத் தாண்டுகிறார்கள்.

எல்லாப் புற்றுநோயும் ஒரே மாதிரி ஏறவும் இல்லை. சென்னைப் பதிவேட்டில் ஒரு காலத்தில் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இப்போது அது இறங்கி, மார்பகப் புற்றுநோய் மேலே வந்துவிட்டது. கல்யாண வயது ஏறியது, பிள்ளைப்பேறு குறைந்தது, வீட்டில் தண்ணீரும் சுத்தமும் கூடியது என்று முதலாவது இறங்கியதற்குக் காரணம் சொல்கிறார்கள். குழந்தை பெறும் வயது தள்ளிப்போனது, பிள்ளைகள் குறைந்தது, உடல் பருமன் கூடியது ஆகியவற்றால் இரண்டாவது ஏறுகிறது. ஒரே வாழ்க்கை மாற்றம் ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்றியிருக்கிறது.

உங்கள் குழுவின் பட்டியலுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். செல்போன் டவரால் புற்றுநோய் வந்ததாக நிரூபணம் இல்லை. பூச்சிமருந்தை முகத்தை மூடாமல் அடிப்பது கெடுதல். அதற்காக நீங்கள் சண்டை போட்டால் நான் உங்கள் பக்கம். ஆனால் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் நிரூபணமான புகையிலை உங்கள் பட்டியலில் இல்லை. குழுக் கூட்டத்தில் வெற்றிலையோடு அதையும் சேர்த்து அதக்குகிறவர்கள் எத்தனை பேர் என்று அடுத்த முறை எண்ணிப் பாருங்கள்.

இனி, பேப்பரில் வராத பத்திகள். ஒன்று, "நிலை". நோய் முதல் நிலையில் வந்ததா, நான்காம் நிலையில் வந்ததா என்று எழுதும் கட்டம். என் கை தயங்குவது இந்தக் கட்டத்தில்தான். ஒரு விவசாயி, ஐம்பது வயசு இருக்கும். கன்னத்தின் உள்பக்கம் புண். புகையிலை ஒதுக்குகிற அதே இடம். பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார். சூடு என்று சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நாலு மாதம் அதையே வாங்கி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். இங்கே வரும்போது வாயில் இரண்டு விரல்கூட நுழையவில்லை. கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி.

அன்று ஓ.பி.யில் ஒரு பேராசிரியர் ஹவுஸ் சர்ஜன்களைச் சுற்றி நிற்க வைத்தார். டார்ச்சை ஒரு மாணவியின் கையில் கொடுத்து, "வெற்றிலைக் கறையைப் பார்த்து முகம் சுளிக்காதே. கன்னத்தை விலக்கு. நாக்கைத் தூக்கச் சொல். அடியிலும் பார்" என்றார். அந்தப் பெண் பார்த்தாள். பிறகு அவர் சொன்னதை என்னால் மறக்க முடியாது: "நாளைக்கு நீ ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரும்போது இந்த ஒரு நிமிஷத்தைச் செலவு பண்ணு. மூணு வாரம் ஆறாத புண்ணுக்கு மாத்திரை எழுதாதே, இங்கே அனுப்பு."

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அருமை எனக்கு அன்றுதான் விளங்கியது. நோயாளியைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்பது அவருக்குக் கூச்சம்தான். அதற்காக அவரிடம் அனுமதி கேட்க வேண்டும், திரை போட வேண்டும், அவரை "இந்த கேஸ்" என்று அவர் காதுபடச் சொல்லக் கூடாது. ஆனால் அந்த ஐந்தாறு பேரும் ஐந்தாறு ஊருக்குப் போகிறவர்கள். அவர்கள் பார்க்கக் கற்றுக்கொண்டால், என் பதிவேட்டில் நான்கு என்று எழுதுகிற இடத்தில் ஒன்று என்று எழுதுவேன்.

பெரிய இயந்திரம் இல்லாமலும் இது நடக்கும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற நர்சுகள் கிராமத்துக்கே போய், 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் வெளுக்கிறதா என்று ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார்கள். வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான். ஏறத்தாழ 49,000 பெண்களை அழைத்த அந்த ஆய்வின் முடிவு 2007-ல் லான்செட் இதழில் வந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைவு. உங்களைப் போன்ற பெண்கள் வரிசையில் நின்றதால் கிடைத்த பலன் இது.

கடைசிப் பத்தி, "சிகிச்சை முடித்தாரா?" இதுதான் எனக்கு மிகவும் வேண்டிய பத்தி.

நடவு வேலைக்குப் போகிற ஒரு அம்மா. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். வாரம் ஐந்து நாள் வீதம் 25 கரண்ட், வாரம் ஒரு முறை மருந்து ஏற்றுவது, பிறகு உள்ளே கதிர்வீச்சு வைக்கும் சிகிச்சை என்று டாக்டர் எழுதியிருந்தார். பதினேழாவது நாளோடு நின்றுவிட்டார். அட்டையில் கொடுத்திருந்த நம்பர் பக்கத்து வீட்டுப் பையனுடையது. நாலு முறை அடித்தபின் அந்த அம்மா பேசினார். "உதிரம் நின்னு போச்சு சாமி, சரியாப் போச்சு. நடவு வேற வந்துருச்சு, ஒரு நாள் விட்டா கூலி போச்சு."

உதிரம் நிற்பது சிகிச்சை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நோய் தீர்ந்துவிட்டதற்கு அடையாளம் இல்லை. இந்த நோய்க்கு எல்லாவற்றையும் எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும். இதை நான் ஃபோனில் சொன்னேன். அவர் மசியவில்லை. கடைசியில் அந்தப் பக்கத்து வீட்டுப் பையன்தான், தன் வண்டியில் பஸ் ஸ்டாண்டு வரை தினமும் கொண்டுவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டான். மீதி எட்டையும் முடித்தார். உள்ளே வைக்கும் சிகிச்சையையும் முடித்தார். வருஷத்துக்கு ஒரு முறை நான் ஃபோன் பண்ணுகிறேன். போன தையில் பேசியபோது, "பேத்தி பெரியவளாயிட்டா, சடங்குக்கு வரணும்" என்றார்.

நின்றுபோகிறவர்களைத் தேடிப் பேசியதில், நான் எழுதிவைத்த காரணங்கள் பஸ் காசு, துணைக்கு ஆள் இல்லாதது, மகளின் பரீட்சை, முடி கொட்டியது, "வீட்டில் சொன்னால் சம்பந்தம் நின்றுபோகும்" என்ற பயம், இவைதான். காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். சிகிச்சைக்குப் போய்வரப் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. டாக்டர் கையெழுத்திட்ட சான்று போதும். இவையெல்லாம் இருந்தும், தினமும் காலையில் எழுப்பி, "வா போகலாம்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. இங்கே படிக்கிற டாக்டர்கள் பிரிவு மாறிக்கொண்டே இருப்பார்கள். வருகிற ஒவ்வொரு முறையும் புது முகம். நோயாளி தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். இடையில் நின்று திரும்பி வந்த ஒருவரை, எல்லோர் முன்னும் "ஏன் வரலை, சாகணும்னு ஆசையா?" என்று அதட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பிறகு வரவில்லை. அந்தக் கட்டத்தில் நான் எழுதியது "தொடர்பு இல்லை" என்ற இரண்டு சொல். நடந்ததை எழுத அதில் இடம் கிடையாது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். முழுவதும் தண்ணீரும் உரமும் டவரும். கையெழுத்துக்கு மேலே, இடம் இல்லாமல் ஓரத்தில் சாய்த்து ஒரு வரி: "பக்கத்து வீட்டு அக்காவுக்கு மார்பில் கட்டி, ரெண்டு கீமோவோடு முடி கொட்டிப் போச்சு என்று வேண்டாம் என விட்டுவிட்டார்."

அந்த வரியைப் படித்ததும் மறுபடி முதலிலிருந்து கடிதத்தைப் படித்தேன். நாளை காலை அவர் வீட்டுக்குப் போங்கள். முடி திரும்ப முளைக்கும் என்று சொல்லுங்கள். முளைத்த தலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய ஓ.பி. சீட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொலைந்திருந்தால் கவலை இல்லை, பேரும் வந்த மாதமும் போதும், என் பதிவேட்டில் இருக்கும். இத்தனை நாள் விட்டதற்கு யார் என்ன சொல்வார்களோ என்று பயந்தால், முதலில் பதிவேட்டு அறைக்கு என்னிடம் வரச் சொல்லுங்கள். டாக்டரிடம் நான் கூட்டிப்போகிறேன். இனி என்ன செய்வது என்று அவர் பார்த்துச் சொல்வார். வலி இருந்தால் வலிக்கும் மருந்து உண்டு; அதைக் கேட்டு வாங்குவது அவருடைய உரிமை.

அடுத்த வருஷமும் எங்கள் எண்ணிக்கை ஏறினதாகத்தான் பேப்பரில் வரும். அதில் உங்கள் அக்கா இருக்க மாட்டார். அவரை ஏற்கெனவே எண்ணிவிட்டோம். கடைசிப் பத்தியில் அவருடைய கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. பேர் தெரிந்ததும் அதில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்கிறேன். துணைக்கு நீங்களும் வாருங்கள்.

அன்புடன்,
புற்றுநோய்ப் பதிவேட்டு அறையிலிருந்து