“பிறகு எழுதிக் கொள்ளலாம்”

நம்மவர்களில் உழைப்புக்கு அஞ்சுகிறவர்கள் குறைவு. விடியுமுன் எழுந்து பசாருக்குப் போய்ச் சரக்கெடுத்து, இரவு பத்து மணிக்குக் கதவடைக்கும் வியாபாரியைச் சோம்பேறி என்று சொல்ல யாரும் துணியமாட்டார்கள். அப்படிப்பட்டவருடைய கடையிலேயே, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் கடன் சீட்டுகள் குத்திக் கிடப்பதைக் காணலாம். பேரேட்டில் ஏற்றப்படாத சீட்டுகள் அவை. கேட்டால், “பிறகு எழுதிக் கொள்ளலாம் நானா, எல்லாம் மனத்தில் இருக்கிறது” என்று பதில் வரும். இந்தப் “பிறகு” என்னும் சொல்லைப் பற்றியே இம்முறை சிறிது ஆராய விரும்புகிறோம்.

நமது அபிப்பிராயத்தில் இது சோம்பலன்று. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பெயர் இருக்கிறது. ஒன்று சொந்த ஊர்க்காரருடையது. மற்றொன்று மைத்துனரின் கூட்டாளியுடையது. இன்னொன்று ஆறு மாதமாக முகத்தைத் திருப்பிக் கொண்டு போகிறவருடையது. எழுதினால் கூட்ட வேண்டும். கூட்டினால் தொகை தெரிந்துவிடும். தொகை தெரிந்துவிட்டால் கேட்டாக வேண்டும். அந்தச் சங்கடத்துக்கு அஞ்சியே மனம் முதற்படியிலேயே நின்றுவிடுகிறது. மனோதத்துவ அறிஞர்களான சிரோயிஸ், பிக்கில் என்னும் இருவர் 2013-ல் எழுதிய கட்டுரையிலும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள்: வேலையைத் தள்ளிப் போடுகிறவர் உண்மையில் அந்த வேலை தரும் மனக்கசப்பையே தள்ளிப் போடுகிறார், அப்போதைக்கு நிம்மதி கிடைக்கிறது, பாரம் பின்னால் வருகிறது. ஆகவே, “சுறுசுறுப்பாயிரு” என்று இவருக்குப் புத்தி சொல்வதில் பயனில்லை. அவர் ஏற்கெனவே சுறுசுறுப்பானவர்தான்!

மார்க்கம் அறிந்த வாசகர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், சூரத்துல் பகராவின் 282-வது வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் தவணையோடு எழுதுவதில் சலிப்படைய வேண்டாமென்று அங்கே கூறப்படுகிறது. கைக்குக் கை நடக்கும் ரொக்க வியாபாரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. சலிப்பு வரும் என்பது அங்கேயே எதிர்பார்க்கப்பட்டிருக்கிறது, பாருங்கள்.

சட்டமும் காத்திருப்பதில்லை. தீபகற்ப மலேசியாவில் 1953-ம் ஆண்டுக் காலவரையறைச் சட்டமும், சிங்கப்பூரில் 1959-ம் ஆண்டுச் சட்டமும், சாதாரண வியாபாரக் கடனுக்காக வழக்குத் தொடர 6 ஆண்டுகளே அனுமதிக்கின்றன. இடையில் கடன்பட்டவர் தமது கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தினாலோ, அன்று முதல் 6 ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். ஆனால் அவர் செலுத்திய ஐம்பது வெள்ளி எந்தத் தேதியில் வந்ததென்று பேரேட்டில் இல்லாவிட்டால் எதைக் காட்டுவது? மேலும், கடைக்காரர் மவுத்தாகிவிட்டால் “மனத்தில் இருந்த” கணக்கும் அவரோடு போய்விடுகிறது. வாரிசுகளுக்குச் சேர வேண்டியது சேர்வதில்லை. அவர் பிறருக்குத் தர வேண்டியதும் தெரியாமற் போகிறது. இது இன்னும் மோசமானது.

இனி வழியைப் பார்ப்போம். கோல்விட்ஸர், பிராண்ட்ஷ்டெட்டர் என்னும் அறிஞர்கள் 1997-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சிறு அறிக்கை எழுதி அனுப்புமாறு மாணவர்களைக் கேட்டார்கள். எங்கே, எப்போது எழுதுவது என்பதை முன்னதாகக் குறித்துக் கொண்டவர்களில் நான்கில் மூவருக்கு அருகில் உரிய காலத்தில் எழுதினார்கள். வெறும் எண்ணம் மட்டும் கொண்டவர்களில் மூன்றில் ஒருவரளவே எழுதினார்கள். இரு சாராருக்கும் எண்ணம் இருந்தது. இடமும் நேரமும்தான் வித்தியாசம்.

ஆகையால், “இனி ஒழுங்காகக் கணக்கெழுதுவேன்” என்று தீர்மானிப்பதைக் காட்டிலும், “கல்லாச் சாவியைக் கையில் எடுத்ததும், கதவை இழுக்குமுன், இன்றைய சீட்டுகளை ஏற்றுவேன்” என்று வைத்துக் கொள்வது மேல். நாளொன்றுக்கு ஐந்து சீட்டென்றால் ஐந்து நிமிஷம். அவற்றையே மாதக் கடைசிக்கு விட்டால் நூற்றைம்பது சீட்டுகள், அழிந்துபோன எழுத்தும், “இது எந்த அப்துல் காதர்?” என்ற கேள்வியும் சேர்ந்து முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும். இருக்கும் அவகாசம் முழுவதையும் நிரப்புமளவுக்கு வேலை பெருகும் என்று 1955-ல் எழுதிய பார்க்கின்ஸன், அப்போது சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சரித்திரப் பேராசிரியராக இருந்தவர். அவர் அரசாங்க அலுவலகங்களை மனத்திற்கொண்டு எழுதினார். நமது கடைகளை எட்டிப் பார்த்திருந்தால் இன்னொரு அத்தியாயம் எழுதியிருப்பார்.

கேட்பதற்கான கூச்சத்துக்கும் ஓர் உபாயம் உண்டு. ஒருவரை மட்டும் தனியே கேட்பதுதான் வருத்தம் தருவது. மாதம் முதல் தேதி வாடிக்கையாளர் அனைவருக்கும், பாக்கி பத்து வெள்ளியானாலும், கணக்குச் சீட்டு அனுப்பும் வழக்கத்தை வைத்துக் கொண்டால் யாரும் குறிவைக்கப்பட்டதாக நினைக்கமாட்டார்கள். “மாமா, இந்த மாதக் கணக்கு இது” என்று சொல்லிக் கையில் கொடுத்துவிடலாம். வார்த்தை வளர வேண்டியதில்லை. கொடுக்க முடியாதவரென்றால் அவரே வாய் திறப்பார். தவணை பேசிக் கொள்ளலாம். உண்மையிலேயே இல்லாதவருக்குத் தள்ளிவிடவும் நமக்கு உரிமை உண்டு. ஆனால் எவ்வளவு தள்ளுகிறோம் என்று தெரிந்து தள்ள வேண்டும்.

கம்பியில் ஏற்கெனவே கிடக்கும் பழைய சீட்டுகளை என்ன செய்வதென்று சிலர் கேட்கலாம். அவை முழுவதையும் முடித்த பிறகே புதிய கணக்கைத் தொடங்குவேன் என்று உட்காருகிறவர் பெரும்பாலும் தொடங்குவதே இல்லை. இன்றைய சீட்டுகளை இன்று ஏற்றிவிட்டு, அதோடு பழையவற்றில் மூன்றை மட்டும் சேர்த்துக் கொள்ளலாம். மூன்று போதும், நான்காவது வேண்டாம். தேதி வரிசையும் பார்க்க வேண்டியதில்லை. கடைப்பையன் ஊருக்குப் புறப்பட இருந்தால், அவன் கையெழுத்திலுள்ள சீட்டுகளை முதலில் எடுத்து, அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.