உப்புநீர்த் தொட்டிக்கு பாட்டில் பாக்டீரியா

கடல்மீன் தொட்டி வைக்கணும்னா மீனுக்கு முன்னால் பாக்டீரியாவை வாங்குங்க என்பேன். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும்; மற்றொன்று அதை நைட்ரேட்டாக்கும். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால் அம்மோனியாவின் விஷமும் கூடுதல்.

பாட்டிலின் லேபிளைப் படிங்க. பேசில்லஸ் மட்டும்தான் என்றால் அது கழிவைத் தின்னும், இந்த வேலைக்கு ஆகாது. நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா வேணும். இவை பேசில்லஸ் மாதிரி ஸ்போராக உறங்கிக் கிடக்காது. வெயிலில் காய்ந்த பாட்டிலுக்குக் காசு தண்டம்!

ஊற்றியதும் ஓரிரு நாள் யு.வி. விளக்கை அணைத்து வையுங்க. ஏர் பம்ப் ஓடட்டும், ஆக்ஸிஜன் இவற்றுக்கு அவசியம். பாக்டீரியா இல்லாமல் தொடங்கினால் 4 முதல் 6 வாரம்கூட ஆகும். எதுவானாலும், காலித் தொட்டியில் கொஞ்சம் அம்மோனியா விட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டினால்தான் நான் முதல் மீனை விடுவேன்.