தும்முகிறது, குட்டையாகிறது

கேள்வி: என் மகள் ஆராய்ச்சிக் குழு ஒன்றோடு கலாபகஸ் தீவுகளில் இருக்கிறாள். உடும்பு போன்ற கறுப்புப் பிராணி ஒன்று மூக்கால் பீய்ச்சியது அவள் கையில் பட்டுவிட்டதாம். விஷமாக இருக்குமோ? அனுப்பிய படத்தில் அவற்றின் தலையெல்லாம் தோல் நோய் கண்டது போல வெள்ளை பூத்திருக்கிறது. போதாததற்கு, 2022இல் அளந்த பிராணியை 2024இல் மறுபடி அளந்தால் 5 செ.மீ. குறைகிறதாம். தப்பாக அளந்துவிட்டோமோ என்று இன்றுவரை மறுகுகிறாள். எனக்கும் தூக்கம் போய்விட்டது.
– எம்.கே., காரைக்குடி

பதில்: அம்மா, முதலில் நன்றாகத் தூங்குங்கள். பீய்ச்சியது விஷம் இல்லை, வெறும் உப்புத் தண்ணீர். தலையில் பூத்திருப்பதும் அதே உப்பு, காய்ந்து படிந்தது. உங்கள் மகள் சரியாகவே அளந்திருக்கவும் கூடும்.

பார்க்க உடும்பு மாதிரி இருந்தாலும், இந்தக் கடல் இகுவானா உறவில் நம் வேலியோர ஓணானுக்குத்தான் நெருக்கம். எதிராளியைக் கண்டு அது தலையை ஆட்டுவதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், உங்கள் வீட்டு மதில் ஞாபகம் வரும். ஈக்வடார் கரையிலிருந்து ஏறக்குறைய 1,000 கி.மீ. தள்ளிக் கிடக்கும் அந்த எரிமலைத் தீவுகளைத் தவிர வேறெங்கும் இது இல்லை. பல்லி இனத்தில் கடலுக்குள் இறங்கி மேய்வது இது ஒன்றுதான். 1835இல் அங்கே போன டார்வின் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார்: மாலுமி ஒருவர் இதன்மேல் பாரம் கட்டிக் கடலில் அமிழ்த்தி, ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கினாராம். துடிப்பாகவே இருந்ததாம். (அந்த மாலுமியை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான்.)

தீனி கடற்பாசி. பாசியோடு உப்பும் வயிற்றுக்குள் போகிறது. அத்தனை உப்பையும் வெளியேற்ற ஊர்வனவற்றின் சிறுநீரகத்துக்கு வலு போதாது. அதற்கென்றே கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி (இரத்தத்தில் மிகுந்த உப்பை வடித்தெடுக்கும் உறுப்பு) இருக்கிறது. அதன் குழாய் மூக்கில் போய்த் திறக்கும். குளிர்ந்த கடலில் மேய்ந்துவிட்டு வந்து, கறுத்த பாறையில் வயிற்றை ஒட்டி வெயில் காயும். ‘புஸ்’ஸென்று தும்மும். காற்று எதிர்த்து அடித்தால் அதன் தலையிலேயே விழும், பக்கத்தில் ஆள் இருந்தால் கையிலும் விழும்.

இனி, குட்டையான கதை. எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் காலம்) வந்தால் இவை விரும்பித் தின்னும் சிவப்பு, பச்சைப் பாசிகள் அருகிவிடும். செரிக்காத பழுப்புப் பாசிதான் மிஞ்சும். பசியில் பெரிய உடம்புக்காரன்தான் முதலில் சாவான். அந்த மாதிரி நேரத்தில் இவை மெலிவதோடு நிற்பதில்லை, நீளத்திலும் குறைகின்றன. விக்கெல்ஸ்கி, தோம் என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார்கள்: இரண்டே ஆண்டுக்குள் 6.8 செ.மீ. வரை, அதாவது உடல் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்தவை உண்டு. குருத்தெலும்பு சுருங்கினால் மட்டும் இவ்வளவு குறையாது, எலும்பே கரைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அதிகம் குறுகியவைதான் அதிக நாள் உயிரோடிருந்தன. பாசி திரும்பியதும் மறுபடி வளர்ந்தன. உங்கள் மகளின் இரண்டு அளவுகளுக்கும் நடுவே 2023–24 எல் நினோ வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

உப்புப் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஊர்வன பலவற்றின் குடலில் சால்மோனெல்லா (வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பாக்டீரியா) இருக்கும் என்பதால், அளவெடுத்த கையோடு பிஸ்கட் எடுக்கக் கூடாது. வேலை இல்லாத நேரத்தில் அந்தத் தீவுகளின் தேசியப் பூங்கா விதிப்படி 2 மீட்டர் தள்ளி நிற்கட்டும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரைதான் அளக்க வேண்டும், வால் கணக்கில் வரக் கூடாது. நுனி ஒடிந்த வால்கள் நிறைய உண்டு. 2022இல் வாலையும் சேர்த்து எழுதினார்களா என்று பழைய நோட்டைப் பார்க்கட்டும். அப்படி இல்லையென்றால், எந்த எண்ணையும் அடித்துத் திருத்தாமல் இரண்டையும் தேதியோடு அப்படியே விட்டுவைக்கச் சொல்லுங்கள்.